ஜெபமும் பந்தியும்: மதுரைச் சமவெளிக் கிறிஸ்தவர்களின் நித்திய அநுஷ்டானங்கள்

மதுரை நாட்டில் கிறிஸ்து மார்க்கம் வேரூன்றிய வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் குருமார்களின் யாத்திரைகளையும், அரசர்களின் ஆதரவையும் சினத்தையும், மேலை நாட்டுச் சபைத் தலைவர்களுக்கிடையே நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களையுமே விரித்துரைத்திருக்கிறார்கள். அம்மார்க்கத்தைத் தழுவிய உழவனும் கைவினைஞனும் பொழுது புலர்ந்தது முதல் சாயும் வரை தம் விசுவாசத்தை எவ்வாறு கைக்கொண்டு ஒழுகினார்கள், விளக்கேற்றிய பின் எதை ஓதினார்கள், எவரோடு அமர்ந்து உண்டார்கள் என்பனவெல்லாம் அவ்வரலாறுகளின் ஓரத்திலேயே ஒதுங்கிவிட்டன. ஓரத்தில் கிடக்கும் அச்செய்திகளைத் தொகுத்து நோக்கினால், நானூறு ஆண்டுகளாக இச்சமவெளியில் விசுவாசம் அணையாமல் நின்றதற்குப் பிரதான காரணம் குருமார்களின் பிரசங்கமன்று, இல்லறத்தாரும் உபதேசியார்களும் நாள்தோறும் தவறாது நடத்திவந்த எளிய அநுஷ்டானங்களே என்பது புலனாகும். அதே அநுஷ்டானங்கள் ஜெபத்தில் மனிதர்களை ஒன்றுகூட்டிய அளவுக்குப் பந்தியில் ஒன்றுகூட்டவில்லை என்பதும் உடன் புலனாகும். இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை விடுத்து மற்றொன்றைச் சொல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

தமிழ் எழுத்துகளில் அச்சேறி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களுள் மிகப் பழையது, 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறு நூல். அடுத்த ஆண்டிலேயே கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1580-இல், பாவசங்கீர்த்தனம் செய்யப் புகுமுன் ஒருவன் தன் நெஞ்சைத் தானே எவ்வாறு ஆராய்ந்துகொள்வது என்று கற்பிக்கும் 'கொம்பெசியொனாயரு' அச்சாயிற்று. முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்காக என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் இயற்றியும் மொழிபெயர்த்தும் உதவிய இந்நூல்கள் காவியங்களல்ல, தர்க்க சாஸ்திரங்களுமல்ல. காலையில் சொல்லும் ஜெபம், இரவில் சொல்லும் ஜெபம், கைக்கொள்ள வேண்டிய கற்பனைகள், விலக்க வேண்டிய பாவங்கள் என நித்திய வாழ்வுக்கு வேண்டியவற்றையே அவை அடக்கியிருந்தன. தமிழ் அச்சுக்கலையின் தொடக்கமே மனப்பாடம் செய்ய வேண்டிய ஜெபங்களை முன்னிட்டு அமைந்தது என்பது, அந்நாளைய குருமார்கள் எதை இன்றியமையாததாகக் கருதினார்கள் என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சியாகும்.

கடற்கரையிலிருந்து இம்மரபு மதுரைக்கு வந்த வழி நேரானதன்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துகீசியச் சேசு சபைத் துறவி மதுரையில் ஒரு கோவிலும் பள்ளியும் வைத்தியசாலையும் அமைத்து, வாணிகத்தின் பொருட்டு அங்கு வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களைப் பேணிவந்தார். அவர் நல்லவர்; உழைப்பாளி; ஆயினும் உள்ளூர் மக்களுள் அவர் போதனையை ஏற்று ஞானஸ்நானம் பெற்றவர் எவருமிலர். காரணம் கோட்பாட்டில் இல்லை, நடைமுறையில் இருந்தது. மாட்டிறைச்சியும் மதுவும் உட்கொண்டு, காலில் தோற்செருப்பு அணிந்து, நீராடும் நியமமின்றித் திரிந்த பரங்கியின் வாழ்க்கையையே ஊரார் அவருடைய மார்க்கமாக எண்ணிக்கொண்டார்கள். அவர் வாயால் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. அவர் உண்டதையும் உடுத்ததையுமே கண்டார்கள்.

1606-ஆம் ஆண்டின் இறுதியில், முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட மதுரைக்கு வந்து சேர்ந்த சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி இந்நிலையை ஊன்றி நோக்கி, விசுவாசத்துக்கும் அதைச் சுமக்கும் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. காவி உடுத்து, மரப் பாதுகை அணிந்து, புலால் நீக்கி, சோறும் காய்கறியும் பாலும் கொண்ட உணவை நாளுக்கு ஒரே வேளை உட்கொண்டு, தமிழையும் தெலுங்கையும் பயின்று, சிவதர்மர் என்னும் பிராமணப் பண்டிதரிடம் சம்ஸ்கிருதமும் கற்று, 'தத்துவ போதகர்' என்ற பெயரோடு அவர் வாழ்ந்தார். இதை வேடம் என்று சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒரு வேளை உணவும் இடையறாத மௌனமும் தியானமும் ஓரிரு மாதங்கள் தாங்கிக் களையும் வேடமல்ல. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் அவற்றைத் தாங்கினார். 1640-இல் மதுரையில் சிறைப்பட்டும், முதுமையில் பார்வை மங்கியும், 1656 சனவரியில் மயிலாப்பூரில் மறையும் வரை அந்நியமத்தை அவர் கைவிடவில்லை. வேடம் பூண்டவன் முதல் துன்பத்தில் அதைக் களைந்திருப்பான்.

தம்மிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களும் குடுமியையும் முந்நூலையும் சந்தனத்தையும் நித்திய ஸ்நானத்தையும் விட வேண்டியதில்லை என்று அவர் கொண்ட முடிவு இங்கே கருதத்தக்கது. இவை குலத்தையும் நாகரிகத்தையும் காட்டும் அடையாளங்களேயன்றி வேற்றுத் தெய்வ வழிபாட்டின் உறுப்புகளல்ல என்பது அவர் வாதம். அதை நிலைநாட்ட 1613-இல் இந்நாட்டு வழக்கங்களைப் பற்றி இலத்தீனில் விரிவான நூல் ஒன்று இயற்றி, சாஸ்திரங்களிலிருந்தே மேற்கோள் காட்டினார். கோவாவிலும் உரோமையிலும் நெடுநாள் நடந்த விசாரணைக்குப் பின், 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் சில நிபந்தனைகளோடு அவ்வழக்கங்களை அனுமதித்தார். ஒரு மனிதன் காலையில் நீராடி நெற்றியில் சந்தனம் இடுவதை மேலை நாட்டின் உச்ச அதிகாரபீடம் ஆராய்ந்து தீர்ப்பளித்த அந்நிகழ்ச்சியை அற்பமென்று தள்ளலாகாது. அன்றாடப் பழக்கம் ஆன்மாவைத் தொடுகின்றது என்பதில் வழக்காடிய இருதரப்பாருக்கும் ஐயமே இருந்ததில்லை. எப்பழக்கம் தொடுகின்றது என்பதிலேயே அவர்கள் மாறுபட்டார்கள்.

ஆயினும் நொபிலியின் தெளிவுக்கு ஓர் எல்லை இருந்தது. சந்தனமும் குடுமியும் தனிமனிதனின் உடம்போடு முடிந்துவிடுபவை. சாதியோ பிறனைத் தொடுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'உலகியல் வழக்கம்' என்று அவர் நிறுத்தபோது, பின்னாளில் பெருந்துயராக விளைந்த ஒன்றையும் சேர்த்தே அனுமதித்துவிட்டார். தம் இல்லத்தையும் கோவிலையும் பெர்னாண்டஸின் கோவிலிலிருந்து பிரித்தே வைத்துக்கொண்டார். அவரிடம் வந்த மேற்குலத்தார் பரதவரோடு ஒரே கூரையின்கீழ் நிற்கவில்லை. பெர்னாண்டஸ் இதைப் பற்றி மேலதிகாரிகளுக்குக் கடுமையாக எழுதினார். அவருடைய முறையீட்டில் பொறாமையும் கலந்திருக்கலாம், ஆனால் உண்மையும் இருந்தது. 1640 முதல் பல்தசார் த கோஸ்தா முதலியோர் 'பண்டார சுவாமிகள்' என்ற கோலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களையும் அணுகத் தொடங்கியபின் மார்க்கம் விரைவாகப் பரவிற்று. பிராமண சந்நியாசிக் கோலத்துக் குருவுக்கு ஒரு மந்தை, பண்டார சுவாமிக்கு மற்றொரு மந்தை என்ற பிளவும் நிலைத்துவிட்டது.

மதுரை மிஷன் எனப்பட்டது மதுரை நகரைச் சுற்றிய பகுதி மட்டுமன்று. திருச்சிராப்பள்ளி, தஞ்சை, மறவர் நாடு, தெற்கே காமநாயக்கன்பட்டி வரை அதன் எல்லை விரிந்திருந்தது. இத்துணைப் பெரும் பரப்புக்கு விரல்விட்டு எண்ணத்தக்க குருமார்களே இருந்தனர். வைகை வறண்ட கோடையிலும் கண்மாய்கள் உடைத்துக்கொள்ளும் ஐப்பசி கார்த்திகையிலும் அவர்கள் கால்நடையாகச் சென்று ஊர்களைக் கண்டுவர வேண்டியிருந்தது. ஒரு சிற்றூரார் தம் குருவின் முகத்தை ஆண்டுக்கு ஒருமுறை கண்டால் அதுவே பெரும்பேறு; கலகமும் பஞ்சமும் வந்த காலங்களில் அதுவும் இல்லை. குரு வந்து சேர்ந்த இரவுகளில் நள்ளிரவு கடந்தும் பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியலில் பூசை நிறைவேற்றி, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்து, அன்றே அடுத்த ஊருக்குப் புறப்பட்டதாக அவர்களுடைய கடிதங்கள் கூறும். எஞ்சிய நாட்களில் அவ்வூரில் விசுவாசத்தை யார் சுமந்தார்கள்?

சுமந்தவர் உபதேசியார். வேதியர் என்றும் அவரை அழைப்பர். அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர், பெரும்பாலும் குடும்பஸ்தர். ஞாயிறுதோறும் மக்களைக் கூரைவேய்ந்த ஜெபக்கூடத்தில் கூட்டி, பரலோக மந்திரத்தையும் மங்கள வார்த்தையையும் விசுவாச மந்திரத்தையும் வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் அளிப்பார். மரணத் தறுவாயில் இருப்போருக்கு மனஸ்தாப மந்திரம் ஓதுவிப்பார். இறந்தோரை அடக்கம் செய்வார். மணமக்களுக்குள் பிணக்கு வந்தால் தீர்த்துவைப்பார். மாலையில் கழுத்து மணி ஒலிக்க மாடுகள் திரும்பிய பின், விளக்கின்முன் வீட்டார் அனைவரும் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லும் வழக்கத்தை வீடுதோறும் நிலைநாட்டியவரும் அவரே. எழுத்தறியாத மக்களிடையே ஜெபம் இராகத்தோடு ஓதப்பட்டதால் அது நினைவில் நின்றது. தாய் ஓதியதை மகள் மணமாகிப் போன ஊருக்கும் கொண்டுசென்றாள். குருவானவரின் பாதம் படாத ஊர்களுக்கும் மார்க்கம் இவ்வாறு மணமகளோடு சென்றது.

உபதேசியாரின் முக்கியத்துவத்தை நன்குணர்ந்தவர் வீரமாமுனிவர். 1711-இல் மதுரை மிஷனில் பணி தொடங்கிய அவர், 'தேம்பாவணி'யை நிறைவு செய்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1727-இல் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார். காவியம் அவருக்குப் புகழ் தந்தது. ஆயினும் சபையின் அன்றாட வாழ்வை நோக்கும்போது, இவ்வுரைநடை நூலே அவருடைய படைப்புகளுள் மிகப் பயன்பட்டதென்று துணிந்து சொல்வேன். உபதேசியார் பிறருக்குச் சொல்லுமுன் தம்மை எவ்வாறு ஆராய்ந்துகொள்ள வேண்டும், எதைத் தியானிக்க வேண்டும், தம் உத்தியோகத்தின் மேன்மையை எங்ஙனம் உணர வேண்டும் என்பவற்றை அது தெளிந்த, வலிய தமிழில் உரைக்கின்றது. செய்யுளின் துணையின்றிக் கருத்தை நெடிய வாக்கியங்களில் செலுத்தும் அந்நடை தமிழ் உரைநடை வரலாற்றிலும் தனியிடம் பெற்றது. பாண்டித்தியம் வாய்ந்த அம்முனிவர், பனையோலையும் நடைக்கம்புமாகச் சிற்றூர் தோறும் நடந்த எளிய மனிதர்களுக்காக அத்தகைய நூலை எழுத முற்பட்டது, சபையின் பாரம் எவர் தோளில் இருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதைக் காட்டும்.

அந்த அறிவு விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. 1773-இல் பாப்பரசரின் ஆணையால் சேசு சபை கலைக்கப்பட்டது. இருந்த சில குருமார்கள் முதுமையடைந்து மறைந்தனர். கோவாவிலிருந்து வந்த குருமார்கள் மிகச் சிலர். 1838-இல் பெர்த்திராந்து முதலிய பிரெஞ்சுச் சேசு சபையார் மீண்டும் வந்து மதுரை மிஷனைத் தொடங்கும் வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் பல ஊர்கள் ஏறக்குறைய மேய்ப்பனற்றவையாகவே இருந்தன. திரும்பி வந்தவர்கள் சிதைந்த கோவில்களையும், பிணக்குகளையும், மறக்கப்பட்ட பல விதிகளையும் கண்டார்கள். கூடவே, தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு உச்சரிப்புத் தேய்ந்தும் விட்டுப்போகாத ஜெபங்களையும் கண்டார்கள். பிரசங்கம் கேளாத மூன்று தலைமுறையினர் கிறிஸ்தவர்களாகவே நிலைத்திருந்ததற்கு வேறு விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

பழக்கம் காப்பது மட்டுமன்று, சில வேளைகளில் பழக்கத்தை முறிக்கவும் விசுவாசத்துக்கு நேரும் என்பதற்கு மறவர் நாட்டு வரலாறு சான்று பகரும். அருளானந்தர் என்று தமிழர் போற்றும் ஜான் தெ பிரிட்டோ பண்டார சுவாமியாக இந்நாட்டில் உழைத்தவர். 1686-இல் சித்திரவதைக்குள்ளாகி நாட்டை விட்டு விலக்கப்பட்டும் மீண்டவர். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற தடியத் தேவர் என்னும் மறவர் தலைவர், முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் ஒருத்தி அந்நாட்டு மன்னராகிய சேதுபதியின் உறவினள். அதன் விளைவாக 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டு மாண்டார். 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. மார்க்கத்தின் கொள்கை ஒன்று வீட்டின் உள்ளறை வரை சென்றபோதுதான் அரசு சினந்தது என்பதை நோக்குக. வாதங்களை அரசர்கள் பல்லாண்டு பொறுத்திருந்தனர். விலக்கப்பட்ட பெண்களின் கதி என்னவாயிற்று என்பதையும் இத்தியாகத்தின் பெருமை பேசுவோர் நினைக்க வேண்டும். அக்கேள்வியை எழுப்புவது அருளானந்தரின் புகழுக்கு இழுக்காகாது.

1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் வேறொரு நித்திய ஒழுங்கைக் கொணர்ந்தார்கள். ஜெபமாலையின் இடத்தில் வேதவாசிப்பு வந்தது. ஓதி நினைவில் நிறுத்துவதோடு எழுத்தறிந்து வாசித்தலும் கடமையாயிற்று. 1845-இல் பசுமலைக்கு மாற்றப்பட்ட செமினரியில் உபதேசியார்கள் பயின்று கிராமப் பள்ளிகளின் ஆசிரியர்களாகவும் சபைகளின் வழிகாட்டிகளாகவும் அனுப்பப்பட்டனர். பகலில் பள்ளிக்கூடமாயிருந்த அதே கூடம் இரவில் ஜெபக்கூடமாயிற்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் சேர்த்து எட்வர்ட் வெப் 1853-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பு, மேலை இராகங்களில் இடறிய கிராம நாவுகளுக்குச் சொந்த இராகத்தில் பாடும் உரிமையைத் தந்தது. ஏவா ஸ்விப்ட் 1892-இல் மதுரையில் நிறுவிய பயிற்சி நிலையத்தில் கற்ற வேதாகம ஸ்திரீகள் வீடுவீடாகச் சென்று, கோஷாவிலும் அடுக்களையிலும் அடைபட்டிருந்த பெண்களுக்கு எழுத்தும் வேதமும் கற்பித்தனர். மாதாந்தர அறிக்கைகளில் எண்ணிக்கையாக மட்டும் இடம்பெற்ற அப்பெண்களே, என் மதிப்பில், இம்மிஷனின் மிகச்சிறந்த ஊழியர்கள்.

இவற்றினூடே தமிழ்ச் சபைப் பெண்களிடம் ஒரு வழக்கம் வேர்கொண்டது, கைப்பிடி அரிசி. அடுப்பில் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, வாரத்தின் இறுதியில் ஆலயத்துக்குக் கொண்டுசெல்வார்கள். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் அப்பிடி அரிசி உபரியிலிருந்து வருவதன்று. உண்பவர்களின் பங்கிலிருந்து வருவது. காசு காணாத வீட்டுப் பெண்ணும் காணிக்கை படைப்பவளாகத் தலைநிமிர்ந்து சபையில் நிற்க அது இடம் தந்தது. உலை கொதிக்கும் ஓசையோடு ஜெபமும் சேர்ந்துகொண்டது. அன்றாட உணவையே அநுஷ்டானமாக்கிய இவ்வழக்கத்தை விட ஆழமான பக்தி நெறி இச்சமவெளியில் வேறில்லை என்று நான் கருதுகின்றேன்.

ஆனால் அந்த அரிசியைச் சமைத்து ஒரே பந்தியில் உண்பதென்றபோது தடை எழுந்தது. 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன், தன் ஊழியத்தில் இருப்போரும் திருவிருந்தில் பங்குகொள்வோரும் சாதியை விட்டொழித்ததற்கு அடையாளமாக எக்குலத்தவர் சமைத்ததையும் உடனிருந்து உண்ண வேண்டுமென்று வற்புறுத்தியது. நாள்தோறும் வேதம் வாசித்தவர்கள், ஜெபக்கூட்டம் நடத்தியவர்கள், பிறருக்கு அன்பைப் போதித்தவர்கள் பலர் அச்சோற்றைத் தொட மறுத்து விலகிச் சென்றார்கள். உபதேசியார்களும் செமினரி மாணவர்களும் அவர்களுள் இருந்தார்கள். மிஷனரிகள் இவ்விஷயத்தில் கடுமை காட்டினார்கள் என்று சொல்வோருண்டு. வேற்று நாட்டார் தமிழரின் வீட்டுப் பழக்கத்தில் கைவைத்தார்கள் என்பது உண்மையே. ஆயினும் நொபிலி விடுத்துச் சென்ற கேள்வியை அவர்கள் நேர்கொண்டு கேட்டார்கள். கத்தோலிக்கரிடையே அக்கேள்வி மதில்களாகவே எழுந்து நின்றது: மதுரை மிஷனைச் சேர்ந்த வடக்கன்குளத்தில் குலத்தார் தனித்தனியே நின்று பூசை காணும்படி பிரித்துக் கட்டப்பட்ட கோவிலின் தடுப்புச் சுவர்கள் 1910-இல் இடிக்கப்பட்டபோது வழக்குமன்றம் வரை விவகாரம் சென்றது. ஜெபிக்கும் நா ஒன்றாயிருந்தும் முழந்தாளிடும் தரை வேறாயிருந்தது. கல்லறைத் தோட்டங்கள் இன்றும் குலத்துக்கொன்றாகப் பிரிந்து கிடக்கும் ஊர்கள் தமிழகத்தில் உண்டு.

1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மதுரை – இராமநாதபுரம் பேராயராக லெஸ்லி நியூபிகின் அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. 1959 வரை அப்பொறுப்பிலிருந்து சேகரம் சேகரமாகச் சுற்றிய அவர் கண்ட சபைகளுள் பல, ஊருக்கு வெளியே சேரியில் வாழும் சில குடும்பங்களாலானவை; ஒரு குருவானவரின் பொறுப்பில் பற்பல கிராமங்கள். நாயக்கர் காலத்து நிலையே ஏறத்தாழ அப்படியே இருந்தது. உள்ளூரிலேயே தகுதியுள்ள சாமானியர்களைச் சபைத் தலைமைக்குப் பயிற்றுவிக்க வேண்டுமென்று அவர் வலியுறுத்தியதற்கு இவ்வனுபவமே காரணம். பிற்காலத்தில் இங்கிலாந்து திரும்பியபின் 1989-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், சுவிசேஷத்தை உலகுக்கு விளக்கிக்காட்டுவது அதை நம்பி அதன்படி வாழும் ஒரு சபையே என்னும் கருத்து நடுநாயகமாக விளங்குகின்றது. மேலை நாட்டு இறையியலார் அக்கருத்தை வியந்து கற்றனர். அதன் ஊற்றுக்கண்களுள் ஒன்று சிவகங்கை, இராமநாதபுரம் புழுதிச் சாலைகளின் ஓரத்து ஓலைக்கூரை ஜெபக்கூடங்களில் இருந்ததென்று எண்ணுகின்றேன்.

பந்தியைப் பற்றிய கேள்விக்கு விடைகாண முயன்ற தமிழர்களுள் 'பறட்டை' என்று தம்மை அழைத்துக்கொண்ட தியோபிலஸ் அப்பாவு முதலில் வைத்து எண்ணத்தக்கவர். மதுரை அரசரடியில் 1969-இல் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-இல் மறைந்த அவர், கிராமத்து மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டு முறை ஒன்றை ஆக்கினார். மேடையேறத் தகாததென்று ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டினுள் கொணர்ந்தார். ஒரே உலையில் பொங்கியதைச் சாதி பேதமின்றிப் பகிர்ந்துண்பதே திருவிருந்தின் பொருளென்று அவர் இடைவிடாது போதித்தார். கைப்பிடி அரிசி போட்ட பெண்களின் பானையும் 1847-இல் தள்ளப்பட்ட சோறும் அவருடைய போதனையில் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. அவரிடம் பயின்ற குருவானவர்கள் இன்று பல சேகரங்களில் பணியாற்றுகிறார்கள்.

இவ்வாராய்ச்சி இனிச் செல்ல வேண்டிய திசையும் உண்டு. மதுரை மிஷனின் பழைய கடிதங்கள் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் சேசு சபையாரின் ஆவணக்காப்பகத்தில் பேணப்படுகின்றன. அமெரிக்க மிஷனின் தாள்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. இரண்டிலும் எழுதியவர்கள் பெரும்பாலும் குருமார்களே. உபதேசியார்களும் வேதாகம ஸ்திரீகளும் அவற்றில் பிறர் வாயிலாகப் பேசப்படுபவர்கள். அத்தாள்களை இம்மக்களின் நாளை அறியும் நோக்கோடு மறுமுறை வாசிக்கவும், காமநாயக்கன்பட்டியிலும் ஓரியூரிலும் பசுமலையிலும் வாழும் முதிய பெண்கள் தம் பாட்டிமாரிடம் கேட்டு ஓதிய ஜெபங்களையும், எந்த வீட்டில் எவரோடு உண்டார்கள், எங்கே உண்ண மறுக்கப்பட்டார்கள் என்பதையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்யவும் தமிழறிந்த இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும். அப்பெண்கள் பலருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.